தினமும் கட்ட ஒரு கில்ட் வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

மழைக்கோட்டு:

வணக்கம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே ஆண்கள் கட்டுகிற, பின்னால் கொசுவம் வைத்த பாவாடை மாதிரியான கில்ட்டை இதுவரை இரண்டே முறைதான் கட்டியிருக்கிறேன், இரண்டும் கூட வேலை செய்பவர்களின் கல்யாணத்துக்கு, இரண்டும் வாடகைக்கு எடுத்தது. கறுப்பு ஜாக்கெட், வெயிஸ்ட்கோட், இடுப்புக்கு முன்னால் தொங்குகிற ரோமம் வைத்த ஸ்போரன் பை, முழங்கால் வரை சாக்ஸ், அதில் சொருகிய குட்டிக் கத்தி என்று முழு வேஷம். சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு கில்ட்டும் டீ-ஷர்ட்டுமாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது, இது தனியாக எவ்வளவு சுகம் என்று. வேட்டியும் கைலியுமாக வளர்ந்த காலுக்கு ஜீன்ஸ் என்றைக்குமே சிறைதானே.

சரி, வார இறுதிக்கும் கடைகண்ணிக்கும் வீட்டில் இருந்து வேலை செய்யும் நாட்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்வோம் என்று எடின்பரோ போனபோது சுற்றுலாக்காரர்கள் போகிற ஒரு கடையில் 35 பவுண்டுக்கு ஒன்று எடுத்தேன். ஜீன்ஸ் அளவு 32 என்றேன், எடுத்துக் கொடுத்தார்கள். பத்து நிமிடம் நடந்தால் இடுப்பிலிருந்து நழுவுகிறது, கையால் தூக்கித் தூக்கி விட வேண்டியிருக்கிறது. ஒரு தடவைதான் துவைத்தேன், பின்பக்கக் கொசுவம் மொத்தமும் கலைந்து திரைச்சீலை மாதிரி ஆகிவிட்டது. மனைவி அதை அடுப்படித் துணியாக்கலாமா என்று கேட்கிறாள்.

இந்த முறை ஏமாறாமல் வாங்க வேண்டும். துணி என்ன, எத்தனை கெஜம், இடுப்பு அளவை எங்கே எடுப்பது, அப்புறம் டார்டன் என்கிறார்களே, குலத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிற கட்டம்போட்ட துணி, அதில் எதை வேண்டுமானாலும் நான் கட்டலாமா, யாராவது தப்பாக நினைப்பார்களா? 150 பவுண்டு வரை போகலாம். கல்யாணத்துக்கு வேண்டாம், சும்மா கட்ட.

நூல்கண்டு:

நழுவியதற்குக் காரணம் ஜீன்ஸ் அளவு. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. (கில்ட் தைப்பது என் தொழில் இல்லை, ஆனால் ஒரு தையலகத்தில் கொசுவம் பிரித்துச் சேர்க்கிற வேலையைச் சில வருடம் செய்தவன்.)

ஜீன்ஸ் நிற்பது இடுப்பெலும்புக்குக் கீழே. கில்ட் நிற்பது தொப்புளை ஒட்டி, பழைய முறையில் தைத்ததாக இருந்தால் தொப்புளுக்கும் இரண்டு இஞ்ச் மேலே ஏறும். இரண்டும் உடம்பில் வேறு வேறு இடம். அதோடு ஜீன்ஸில் 32 என்று போட்டிருப்பது உண்மையில் 32 இஞ்சே இல்லை, டேப் வைத்துப் பார்த்தால் 34 கூட வரும். மூன்று அளவு எடுங்கள். தொப்புள் மட்டத்தில் சுற்றளவு, வயிற்றை உள்ளே இழுக்காமல். பிட்டத்தின் மிக அகலமான இடத்தில் சுற்றளவு. அப்புறம் தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் சிப்பியின் நடு வரை நீளம். கடைசி அளவை நீங்களே எடுக்காதீர்கள். டேப்பைப் பார்க்கக் குனிந்த உடனே ஒரு இஞ்ச் மாறிவிடும், வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். கில்ட் கைக்கு வந்ததும் தரையில் முட்டி போட்டு நிமிர்ந்து நில்லுங்கள், கீழ் விளிம்பு தரைக்கு ஒரு இஞ்ச் மேலே நின்றால் நீளம் சரி. தரையில் புரண்டால் நடக்கும்போது முட்டிக்குப் பின்னால் அறுத்துக்கொண்டே இருக்கும், குளிர்காலத்தில் தோல் சிவந்துவிடும்.

நழுவலுக்கு இன்னொரு காரணம் தையல். நல்ல கில்ட்டில் கொசுவம் இடுப்பிலிருந்து பிட்டம் வரை தைத்து இறுக்கியிருக்கும், அதற்குக் கீழேதான் விரியும். அந்தத் தைத்த பகுதியில் ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போகக் குறுகும், கீழே முக்கால் இஞ்ச் இருந்தால் மேலே அரை இஞ்ச் என்கிற மாதிரி. உங்கள் பிட்டத்துக்கும் இடுப்புக்கும் இருக்கிற வித்தியாசத்தை இருபது முப்பது மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு விழுங்கிவிடும். மலிவுக் கில்ட்டில் மடிப்பெல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், நேர்கோடு. அது குழாய் மாதிரி. உடம்பு குழாய் இல்லையே, அதனால் இடுப்பில் தொளதொளவென்று நின்று நழுவத்தான் செய்யும்.

கடையில் பார்க்கும்போது உள்பக்கத்தைத் திருப்புங்கள். மேலிருந்து ஏழெட்டு இஞ்சுக்கு லைனிங் இருக்கிறதா, அதற்குள் விறைப்பான கேன்வாஸ் ஒன்று கையில் தட்டுப்படுகிறதா? இடுப்பை இறுக்குகிற வாரின் இழுப்பை அதுதான் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் வாரை இறுக்க இறுக்கத் துணிதான் சுருங்கும், கொசுவம் கோணும். வெல்க்ரோ வைத்ததைத் தொடாதீர்கள். தோல் வாரும் பக்கிளும், வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. அந்த இடப்பக்க வார், துணியில் இருக்கிற ஒரு துளை வழியாக வெளியே வந்து பூட்டும், முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற இரண்டு முகப்பில் உள்முகப்பைப் பிடித்து வைப்பது அதுதான்.

துணி விஷயம். 35 பவுண்டுக்கு வாங்கியது அக்ரிலிக்காகத்தான் இருக்கும். உங்கள் தேவைக்கு நான் சொல்வது பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலி-விஸ்கோஸ், சுருக்கமாகப் பிவி. மிஷினில் துவைக்கலாம், குத்தாது, மடிப்பு நிற்கும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். 5 கெஜம் போதும்.

லீத்_நடை:

நூல்கண்டு சொன்ன அளவு விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் பிவி பற்றி எனக்கு ஒத்துப்போகவில்லை.

நான் எட்டு வருடமாக வாரத்தில் நாலைந்து நாள் கட்டுகிறேன், எடின்பரோவில். என்னிடம் பிவியும் இருக்கிறது, கம்பளியும் இருக்கிறது. பிவித் துணியின் எடை கெஜத்துக்கு 10, 11 அவுன்ஸ்தான். நார்த் பிரிட்ஜ் மேல் ஒரு தடவை நடந்து பாருங்கள், அங்கே அடிக்கிற காற்றுக்கு அது குடை மாதிரி எழும்பும், இரண்டு கையாலும் பின்னால் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். 13 அவுன்ஸ் கம்பளி அப்படி எழும்பாது. 16 அவுன்ஸ் அசையக்கூட அசையாது, தன் எடையிலேயே விழுந்து நிற்கும்.

கெஜக் கணக்கில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 8 கெஜக் கில்ட் என்றதும் பெரிய துணி மூட்டை என்று நினைக்க வேண்டாம். ஆலையில் நெய்வது இரட்டை அகலம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக. 4 கெஜம் வாங்கி நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துச் சேர்த்தால் 8 கெஜம். அவுன்ஸ் எண் அந்த இரட்டை அகலத்தில் ஒரு கெஜத்தின் எடை. ஆக 16 அவுன்ஸில் 8 கெஜக் கில்ட்டுக்கு 64 அவுன்ஸ், கிட்டத்தட்ட 1.8 கிலோ. 13 அவுன்ஸில் 5 கெஜம் என்றால் ஒரு கிலோவுக்கும் குறைவு. தினமும் கட்ட அந்த ஒரு கிலோதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது. முழு 8 கெஜம் கனமானதுதான் அசல், மற்றதெல்லாம் போலி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கில்ட்டைத் தைத்துக் கட்ட ஆரம்பித்த 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் 4 கெஜத்துக்குப் பக்கத்தில்தான் துணி போட்டார்கள், இரண்டு பக்கமும் மடித்த அகலமான பெட்டி மடிப்பு வைத்து. ஒரே பக்கமாகச் சாய்கிற கத்தி மடிப்பும் 8 கெஜமும் பிறகு வந்தவை. இன்றைக்கும் 4 கெஜப் பெட்டி மடிப்புக் கில்ட் தைத்துத் தருகிறவர்கள் உண்டு, உட்கார அதைப்போலச் சுகம் வேறில்லை, பின்னால் மெத்தை மாதிரி புடைக்காது.

காசு விஷயம்: கையால் தைத்த 8 கெஜக் கம்பளி 400 பவுண்டுக்கு மேலே போகும், உங்கள் 150க்கு வராது. ஆனால் வாடகைக் கடைகள் பழைய கில்ட்டை அவ்வப்போது தள்ளிவிடுவார்கள், சாரிட்டி கடைகளிலும் நல்ல கம்பளி மாட்டும். வாடகைக் கில்ட் பல உடம்புக்கு என்று தைத்தது, வாரில் துளை நிறைய இருக்கும், கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் அருமை தெரியும். வாங்குவதற்கு முன் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். அந்துப்பூச்சி அரித்த பொட்டு ஊசிமுனை அளவு இருந்தாலும் தெரியும்.

பை_எங்கே:

ஆளாளுக்குக் கம்பளி, கெஜம் என்கிறீர்கள், பாக்கெட் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. சாவி, போன், பர்ஸ், பஸ் கார்டு எல்லாம் எங்கே வைப்பது? முன்னால் தொங்குகிற அந்தத் தோல் பையிலா? நடக்கும்போது டிங்கு டிங்கு என்று ஆடும், எனக்கு ஆகாது.

நான் கட்டுவது கனமான பருத்தித் துணியில் தைத்த யூட்டிலிட்டி கில்ட். இரண்டு பக்கமும் பெரிய பாக்கெட், பெல்ட் போட வளையம், முன்னால் வார் இல்லை பட்டன்தான், சாதாரணமாக மிஷினில் போடலாம். 2000ல் அமெரிக்காவில் சியாட்டிலில் ஆரம்பித்த யூட்டிலிகில்ட்ஸ் கம்பெனி இந்த வகையைப் பிரபலமாக்கியது. இது ஸ்காட்லாந்துக் கில்ட்டே இல்லை என்று எங்கள் பப்பில் ஒரு பெரியவர் என்னோடு முக்கால் மணி நேரம் சண்டை போட்டார். போடட்டும். நான் கேட்டது இரண்டு பாக்கெட், அவ்வளவுதான்.

நூல்கண்டு:

பை_எங்கே, உங்கள் பெரியவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். டெனிமிலும் தோலிலும் பாக்கெட் வைத்துக் கில்ட் தைக்கிற ஹவி நிக்கல்ஸ்பி எடின்பரோக்காரர்தான். ஆக அது அமெரிக்கச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் யூட்டிலிட்டி வகையில் ஒன்று கவனிக்க வேண்டும், நிறைய கம்பெனிகள் அதை ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் நிற்கும்படி தைக்கிறார்கள். அப்போது நான் மேலே சொன்ன தொப்புள் அளவு செல்லாது. எந்த இடத்தில் அளக்கச் சொல்கிறார்களோ அங்கேயே அளக்க வேண்டும்.

லீத்_நடை, காற்று பற்றி நீங்கள் சொன்னது சரிதான், விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், கடைக்குப் போகிறவர். கம்பளியில் தாளித்த எண்ணெய் தெறித்தால் என்ன செய்வார்? ஒவ்வொரு முறையும் டிரை கிளீனிங்கா?

லீத்_நடை:

தெறித்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுப்பேன். கம்பளியை அடிக்கடி துவைக்கவே வேண்டாம், அதுதான் அதன் குணம். இரவு கழற்றியதும் பிரஷ்ஷால் கொசுவத்தின் போக்கிலேயே தடவிவிட்டு, இடுப்புப் பக்கத்தைக் கிளிப் மாட்டிக் காற்றாடத் தொங்கவிட்டால் காலையில் வாடை இருக்காது. எட்டு வருடத்தில் என் கம்பளிக் கில்ட் சலவைக்குப் போனது மூன்று முறை. என் பிவி மாதம் ஒரு முறை போகிறது. உள்ளே ஜட்டி போடுகிறவன் நான், அதனால்தான் இந்தக் கணக்கு! உள்ளே என்ன போடுகிறாய் என்கிற அந்தக் கேள்வியை எப்படியும் யாராவது கேட்பார்கள், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தினமும் கட்டுகிறவன் உள்ளே ஒன்று போடுவதுதான் உடம்புக்கும் கம்பளிக்கும் நல்லது.

மழைக்கோட்டு, உட்காருவதைக் கற்றுக்கொள்ளுங்கள். உட்காரும்போது புறங்கையால் பின்பக்கக் கொசுவத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவல், கூடவே உட்கார்ந்துவிட வேண்டும். காரில் ஏறும்போதும் இதேதான். இல்லாவிட்டால் கிளாஸ்கோவிலிருந்து ஸ்டெர்லிங் போய் இறங்கும்போது பின்னால் கசக்கிய காகிதமாக இருக்கும். முன்னால் முகப்பு தொடைக்கு நடுவே விழும்படி விடுங்கள், ஸ்போரன் இருந்தால் அதன் எடையே அந்த வேலையைச் செய்யும். ஆடுவது பிடிக்காவிட்டால் அதைப் பக்கவாட்டில் தள்ளி இடுப்பெலும்பு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டும்போது நான் அப்படித்தான்.

கட்டம்போட்டவள்:

டார்டன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என் வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர், மாமனார் வீட்டில் இதே பேச்சாக இருக்கும், அதனால் சொல்கிறேன்.

யார் எந்த டார்டன் கட்டலாம் என்று சட்டம் கிடையாது, வழக்கம்தான் உண்டு. 2008ல் ஒரு சட்டம் போட்டு 2009ல் அரசாங்கமே டார்டன் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது, ஆனால் அது எந்தக் கட்டம் யாருடையது என்று பதிந்துவைக்கத்தான், உங்கள் இடுப்பைச் சோதிக்க இல்லை. ராஜ குடும்பத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கிற பால்மோரல் டார்டனைத் தொடாமல் இருப்பது மரியாதை, மற்றபடி யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குலப்பெயர் இல்லாதவர்கள் வழக்கமாக எடுப்பது பிளாக் வாட்ச். கரும்பச்சையும் கருநீலமும், அழுக்குத் தெரியாது, ஜீன்ஸுக்குப் போடுகிற எந்தச் சட்டைக்கும் ஒத்துப்போகும். ராயல் ஸ்டூவர்ட் சிவப்பு எல்லோரும் கட்டுகிறார்கள்தான், ஆனால் சனிக்கிழமை தக்காளி வாங்கப் போகிறவருக்கு அது கொஞ்சம் அதிகம். கிளாஸ்கோவுக்கே ஒரு வட்டார டார்டன் இருக்கிறது, ஆறு வருடம் அங்கே மழையில் நனைந்தவருக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன? டார்டனே வேண்டாம் என்றால் ட்வீட் துணியில் ஒரே நிறமாகப் பாருங்கள், கல்யாண வாசனையே அடிக்காது.

தப்பாக நினைப்பார்களா என்றால், நான் பார்த்த வரை இந்த ஊர் ஆட்களுக்கு வெளியூர்க்காரர் கில்ட் கட்டினால் சந்தோஷம்தான். ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்து ஆடுகிற அன்றைக்குப் போய்ப் பாருங்கள், டார்டன் ஆர்மி என்று சொல்லுகிற ரசிகர் கூட்டம் மொத்தமும் கில்ட், கால்பந்துச் சட்டை, மடித்துவிட்ட சாக்ஸ், கனமான பூட்ஸ். சும்மா கட்டுவதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. முகப்பை வலப்பக்கமாகக் கொண்டுவந்து பூட்டுங்கள், முகப்பின் ஓரத்துக் குஞ்சம் வலப்பக்கம் வர வேண்டும், கொசுவம் பின்னால். மாற்றிக் கட்டினால்தான் மாமனார் வகையறா சிரிக்கும்.

அந்தக் குட்டிக் கத்தியைச் சும்மா போகும்போது வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேசிய உடையின் பகுதி என்று 1995ஆம் வருடச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, உண்மைதான், ஆனால் டீ-ஷர்ட்டும் பூட்ஸுமாக நிற்கிறவர் அதைப் போலீஸ்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கில்ட் பின் என்கிற அலங்கார ஊசியைக் குத்தினால் மேல் முகப்பில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் முதல் படி ஏறும்போதே துணி கிழியும்.

மழைக்கோட்டு:

எல்லோருக்கும் நன்றி. மனைவி டேப் பிடித்தாள். தொப்புள் மட்டத்தில் 35 இஞ்ச்! 32 என்று இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். நீளம் 23½.

வாடகைக் கடைச் சரக்கு இரண்டு பார்த்தேன், ஒன்றில் பூச்சி அரித்திருந்தது, இன்னொன்று 8 கெஜம், கட்டிப் பார்த்தால் போருக்குப் போகிற மாதிரி இருந்தது. கடைசியில் புதிதாக 5 கெஜம், பிவி, பிளாக் வாட்ச் ஆர்டர் செய்து நேற்று வந்தது. லீத்_நடை மன்னிக்கவும், எங்கள் வீட்டில் தினமும் தாளிப்பு உண்டு. இடுப்பில் சிக்கென்று நிற்கிறது, முட்டி போட்டுப் பார்த்தேன், ஒரு இஞ்ச் சரியாக இருக்கிறது, உள்ளே கேன்வாஸும் இருக்கிறது.

ஒரே ஒரு குறை. கொசுவம் விரியவே மாட்டேன் என்கிறது. இன்று காலை கடை வரை நடந்தேன், கால் எட்டி வைக்க முடியவில்லை, மடிசார் கட்டிய பாட்டிகூட என்னைவிட வேகமாக நடப்பாள். புதுசு என்பதால் போகப் போக இளகுமா?

நூல்கண்டு:

கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கொசுவத்துக்குக் குறுக்கே இரண்டு மூன்று வரிசையாக வெள்ளை நூல் நீளநீளத் தையலாக ஓடுகிறதா?

மழைக்கோட்டு:

ஆமாம், மூன்று வரிசை. அலங்காரத் தையல் என்று நினைத்தேன்.

நூல்கண்டு:

வழியில் மடிப்பு கலையாமல் இருக்கத் தையல்காரர் போட்டு அனுப்பியது அது. ஒரு முனையில் முடிச்சை வெட்டிவிட்டு இழுங்கள், மொத்தமாக வந்துவிடும். ஆனால் இழுக்கும் முன் எந்த இடத்தில் ஓடியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மிஷினில் போடும் முன் அதே இடத்தில் நீங்களே நூல் ஓட்டிவிட்டுப் போட்டால் கொசுவம் கலையாது.

பை_எங்கே:

அதோடு கடைக்குப் போய் வந்தாரா!